அப்பாவின் 1971 ரேடியோ நோட்டு டிசம்பர் 21ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அன்று டாக்காவில் என்ன நடந்தது?

கேட்டவர்: புதுக்கோட்டை ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா தபால் தந்தித் துறையில் தந்தி எழுத்தராக இருந்தவர். போன தை மாதம் தவறிப்போனார். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இப்போதுதான் இறக்கித் திறந்தோம். பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம், அம்மாவின் கல்யாணப் பத்திரிகை, அதற்கடியில் காலிகோ அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்று. உள்ளே கணக்கு எதுவும் இல்லை. 1971 மார்ச் 27இல் தொடங்கி டிசம்பர் 21 வரை, ராத்திரி ரேடியோவில் கேட்ட கிழக்கு வங்காளச் செய்திகளை (அன்று கிழக்குப் பாகிஸ்தான், இன்று வங்கதேசம்) எழுதி வைத்திருக்கிறார்.

தந்தி அடித்துப் பழகிய கை. ஒரு சொல் கூட உபரியாக இல்லை. செய்திக்கு முன்னால் எந்த நிலையம் என்று ஓர் எழுத்து. ஆ என்றால் ஆகாசவாணி, பி என்றால் பி.பி.சி., க என்றால் கராச்சி. முதல் நாள் இப்படி இருக்கிறது:

"க: அமைதி நிலவுகிறது. ஆ: கடும் சண்டை. பி: அயல்நாட்டு நிருபர் அனைவரும் வெளியேற்றம். மூன்றில் பி சொல்வதே செய்தி. ஆட்களை வெளியேற்றுகிற இடத்தில் அமைதி ஏது."

இன்னும் சில நாட்களை, நிலைய எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே தருகிறேன்.

ஜூன் 14: "லண்டன் ஞாயிறு பத்திரிகை. தலைப்பு ஒரே சொல். எழுதியவர் பாகிஸ்தான்காரரே."

நவம்பர் 15 பக்கத்தில் ஒரு 5 பைசா தபால்தலை ஒட்டியிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலை, அதன்மேல் அகதி நிவாரணம் என்று அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தில்: "இன்று முதல் எல்லாத் தபாலுக்கும். கவுண்டரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை."

டிசம்பர் 8: "ஐ.நா. 104 – 11." இதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அப்புறம் "ஏன்?"

டிசம்பர் 16: "முடிந்தது." அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 21: "டாக்கா மைதானம். கை கட்டிய நால்வர். கூட்டம் நின்று பார்த்தது."

அதோடு சரி. பாதி நோட்டு வெற்றுத் தாள். ஒன்பது மாதம் ஒரு நாள் விடாமல் எழுதியவர் அன்றோடு நிறுத்தியிருக்கிறார். எங்களிடம் இந்தப் போரைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது இந்தியா ஜெயித்தது, வங்கதேசம் பிறந்தது என்பது மட்டும்தான். அந்தப் பாகிஸ்தான்காரர் யார், 104 நாடுகள் ஏன் நமக்கு எதிராகக் கை தூக்கின, கை கட்டிய அந்த நால்வர் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சிற்றலை நேயர், காரைக்குடி

சகோதரி, அப்பாவுக்கு என் அஞ்சலி. நானும் அந்தக் காலத்தில் சிற்றலை கேட்டவன். இரவு எட்டு மணிக்கு மேல் முள்ளை மெல்லத் திருப்பினால் உலகமே வீட்டுக்குள் வந்துவிடும். பி.பி.சி., ரேடியோ ஆஸ்திரேலியா இரண்டும் எங்கள் பக்கம் நன்றாக எடுக்கும். ஒரே சண்டையை நாலு நிலையம் நாலு விதமாகச் சொல்லும். அதைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் உங்கள் அப்பா போல ஊருக்கு ஒருவர் இருந்தார்கள்.

நமக்குக் கேட்காத ஒரு நிலையமும் உண்டு. மார்ச் 27ஆம் தேதி, உங்கள் அப்பா நோட்டைத் திறந்த அதே நாள், சிட்டகாங் பக்கத்தில் காலுர்காட் ஒலிபரப்பியிலிருந்து வங்காளி ராணுவ அதிகாரி மேஜர் ஜியாவுர் ரஹ்மான் விடுதலை அறிவிப்பை வாசித்தார். பிறகு அந்த ஒலிபரப்பியின் மேல் குண்டு விழுந்தது. மே 25 முதல் கல்கத்தாவிலிருந்து சுதந்திர வங்காள வானொலி பேசத் தொடங்கியது. கிழக்கு வங்காளத்தில் அதைக் கேட்பதே குற்றம். சன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்ட வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஐ.நா. விஷயத்தில் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். டிசம்பர் 21 பற்றித் தெரியவில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர், மதுரை

அம்மா, உங்கள் மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1971இல் எனக்கு 22 வயது. மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணி. டெலிபிரிண்டர் இங்கிலீஷில் அடித்துத் தள்ளும், கிழித்தெடுத்துத் தமிழாக்குவது என் வேலை. உங்கள் அப்பா ரேடியோவில் கேட்ட செய்திகள் அதே ராத்திரி என் மேசையில் தாளாக வந்து விழுந்திருக்கும்.

முதலில் அந்த வெளியேற்றம். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் இறங்கியபோது முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிருபர்கள் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் இருந்தார்கள். வாசலில் துப்பாக்கி வைத்து அடைத்தார்கள். சன்னல் வழியே, பக்கத்திலிருந்த 'தி பீப்பிள்' பத்திரிகை அலுவலகம் எரிவதை மட்டும் பார்க்க முடிந்தது. பிறகு பிலிம் சுருளையும் குறிப்பேடுகளையும் பிடுங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு பேர் மட்டும் அகப்படவில்லை. ஒருவர் லண்டன் டெய்லி டெலிகிராஃபின் சைமன் டிரிங், வயது 26. இன்னொருவர் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் மிஷேல் லோரான். ஹோட்டல் கூரையில் ஒளிந்து கிடந்தார்கள். ஹோட்டலில் வேலை பார்த்த வங்காளிகள் காட்டிக்கொடுக்காததால்தான் பிழைத்தார்கள். ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில் வெளியே போய் பல்கலைக்கழக விடுதிகளையும் பழைய டாக்காவையும் பார்த்துவிட்டு, டிரிங் பாங்காக் போய்ச் சேர்ந்து அனுப்பிய செய்தி மார்ச் 30ஆம் தேதி வந்தது. மிஷேல் லோரான் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவரிடம்தான் திரும்பி வரப்போகிறேன்.

ஜூன் 14இல் அப்பா குறித்திருப்பவர் ஆந்தனி மஸ்கரேனஸ். கோவா வழி வந்த கிறிஸ்தவர், கராச்சியில் 'மார்னிங் நியூஸ்' பத்திரிகையின் உதவி ஆசிரியர். ஏப்ரலில் பாகிஸ்தான் ராணுவமே எட்டு நிருபர்களைப் பத்து நாள் கிழக்கே கூட்டிப்போனது. நிலைமை சீராகிவிட்டது என்று எழுத வைக்க வேண்டும், அதற்காக. ஏழு பேர் அப்படியே எழுதினார்கள். இவர் கோமில்லாவில் ராணுவ அதிகாரிகளோடு இருந்து, இன்று எத்தனை பேர் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டவர். வீட்டுக்கு வந்ததும், இதை எழுதாவிட்டால் இனி ஒரு வரியும் எழுத மாட்டேன் என்றாராம் மனைவியிடம். கராச்சியில் எழுத முடியாது, தணிக்கை. லண்டன் போய் சண்டே டைம்ஸ் ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் கராச்சியில் இருக்கும்போது அச்சேற்ற முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு: 'ஆனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது' என்று வீட்டுக்குத் தந்தி வந்தால் மூட்டை கட்ட வேண்டும்.

தந்தி விடிவதற்கு முன்பே வந்தது. தந்திக்காரர் சன்னலைத் தட்டி எழுப்பினாராம். அம்மா, உங்கள் அப்பா தந்தி எழுத்தர் என்று படித்ததும் எனக்குச் சட்டென்று இதுதான் ஞாபகம் வந்தது. அதை வாங்கி எழுதியவருக்கும் மிதித்துக்கொண்டு போய்க் கொடுத்தவருக்கும் அது யாரோ ஒரு நோயாளி குணமான சேதி. மஸ்கரேனஸ் சந்தேகம் வராமலிருக்கப் பாகிஸ்தானுக்குத் திரும்பி, குடும்பத்தை அனுப்பிவிட்டு, தரைவழியாக ஆப்கானிஸ்தான் எல்லையைத் தாண்டி லண்டன் போய்ச் சேர்ந்தார். ஜூன் 13இல் கட்டுரை வந்தது. ஒற்றைச் சொல் தலைப்பு: ஜெனோசைட்.

அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிப் போடுவது என்று எங்கள் மேசையில் அரை மணி நேரம் பேச்சு. 'கூட்டக் கொலை' என்றார் ஒருவர். 'இன ஒழிப்பு' என்றேன் நான். தலைமை உதவி ஆசிரியர் கடைசியில் 'படுகொலை' என்று போட்டு அனுப்பினார். இன்று எல்லோர் வாயிலும் இருக்கிற 'இனப்படுகொலை' அன்று எங்கள் கைக்கு வரவில்லை. சொல் இல்லாவிட்டால் செய்தி பாதிதான் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரிந்த நாள் அது. அந்தக் கட்டுரை தன்னை உலுக்கியது, அதன் பிறகே ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் மாஸ்கோவுக்கும் போய்ப் பேசத் தீர்மானித்தேன் என்று இந்திரா காந்தி பின்னாளில் எவன்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த 104. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானதளங்களைத் தாக்கியதும் போர் வெளிப்படையானது. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் யூனியன் ரத்து அதிகாரத்தால் அடித்தது. அதனால் விஷயம் பொதுச் சபைக்குப் போனது. டிசம்பர் 7ஆம் தேதி வாக்கெடுப்பு. போரை நிறுத்து, படைகளைத் திரும்ப அழை என்பதற்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11, நடுநிலை 10. அந்தப் பதினொன்றில் இந்தியா, சோவியத் அணி நாடுகள், கியூபா, மங்கோலியா, அப்புறம் பூட்டான். பூட்டான் ஐ.நா.வில் சேர்ந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. பிரிட்டனும் பிரான்ஸும் நடுநிலை. இலங்கை ஆதரவுப் பக்கம். நம் வான்வெளி மூடியபின் பாகிஸ்தான் விமானங்கள் கிழக்கே போகக் கொழும்பில்தான் எரிபொருள் போட்டுக்கொண்டிருந்தன.

காரைக்குடி நண்பருக்கு ஆத்திரம், எனக்கும் அன்று ஆத்திரம்தான். இன்று யோசித்தால், அந்த 104 பேரில் பல நாடுகள் தம் வீட்டைப் பார்த்துத்தான் கை தூக்கின. புதிதாக விடுதலை அடைந்த நாடுகள். ஒவ்வொன்றிலும் பிரிந்துபோக நினைக்கும் ஒரு மூலை. நைஜீரியாவில் பயாஃப்ரா போர் முடிந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. பக்கத்து நாட்டுப் படை உள்ளே புகுந்து ஒரு நாட்டை இரண்டாக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் நாளை நம் கதி என்ன என்ற பயம். ஒரு கோடி அகதிகள் மேற்கு வங்கத்திலும் திரிபுராவிலும் மழையில் கிடந்ததை அவர்கள் பத்திரிகைகளும் எழுதின. அந்த எழுத்து மக்களை அசைத்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரிக்கு இரண்டு காட்சியிலும் சேர்த்து நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். அரசாங்கங்கள் அசையவில்லை.

அமெரிக்காவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. டாக்காவில் அவர்களுடைய தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் மார்ச் கடைசியிலேயே எழுதிவிட்டார். ஏப்ரல் 6ஆம் தேதி அங்கிருந்த 20 அதிகாரிகள் கையெழுத்திட்டு, நம் அரசின் கொள்கை தவறு என்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். இன்னொரு தந்தி, பாருங்கள். பிளட்டை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் ஜூலையில் வெளியே வந்தது: அமெரிக்க அதிபர் நிக்ஸனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் போய் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து ரகசியமாகப் பீஜிங் பறந்தார். சீனாவோடு கதவைத் திறக்க பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் தேவைப்பட்டார். பொதுச் சபை வாக்கெடுப்புக்குப் பிறகு அமெரிக்கப் போர்க்கப்பல் என்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்குக் கிளம்பியதும் இந்தக் கணக்கில்தான். அப்பாவின் "ஏன்?" என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இவ்வளவு.

இனி டிசம்பர் 21. அப்பா அன்று எழுதியது மூன்று நாள் முன்பு நடந்தது.

16ஆம் தேதி மாலை ரமணா மைதானத்தில் கிழக்கே இருந்த பாகிஸ்தான் படைத் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்திட்டார். 18ஆம் தேதி டாக்காவில் ஒரு மைதானத்தில் வெற்றிக் கூட்டம். ஆயிரக்கணக்கான ஜனம். பாகிஸ்தான் படைக்குத் துணை போனவர்கள் என்று சந்தேகித்து நாலு பேரைக் கை கட்டிக் கொண்டுவந்தார்கள். விசாரணை எதுவும் இல்லை. அடித்து, சிகரெட்டால் சுட்டு, கடைசியில் வங்காள விடுதலைக் கெரில்லாப் படையினர் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். சுற்றிலும் வெளிநாட்டுக் கேமராக்கள். இது நமக்காக, படம் பிடிப்பதற்காகவே நடக்கிறது என்று சில புகைப்படக்காரர்கள் விலகிப் போய்விட்டார்கள். ஏ.பி.யின் ஹார்ஸ்ட் ஃபாஸும் இன்னொருவரும் நின்று எடுத்தார்கள். அந்த இன்னொருவர் மிஷேல் லோரான். மார்ச் மாதம் கூரையில் ஒளிந்து கிடந்தவர். முதல் நாள் கொலைகளைப் பார்த்தவரே கடைசி நாள் கொலைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. 'டாக்காவில் சாவு' என்ற அந்தப் படவரிசைக்கு 1972இல் அமெரிக்காவின் புலிட்சர் பத்திரிகைப் பரிசு கிடைத்தது. லோரான் 1975 ஏப்ரலில் வியட்நாம் போர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அங்கே சுடப்பட்டு இறந்தார்.

அப்பா எந்த நிலையத்தில் கேட்டார் என்று தெரியவில்லை. நிலைய எழுத்துப் போட்டிருக்கிறாரா? எங்கள் மேசைக்கும் அந்தச் செய்தி வந்தது. எங்கள் பக்கம் முழுக்க வெற்றிப் படங்கள். நான் அதைத் தமிழாக்கி எட்டு வரியில் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையில் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை நான். கேட்டிருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் உருது பேசும் பீஹாரிகளை வங்காளிகள் சில ஊர்களில் வெட்டிய செய்தியும் அப்படித்தான் என் கையாலேயே ஒதுங்கியது. இத்தனைக்கும் மஸ்கரேனஸ் தன் கட்டுரையில் அதையும் எழுதியிருந்தார். ராணுவத்தின் கொலைகளை உலகுக்குச் சொன்ன அதே கட்டுரையில். அவர் கட்டுரையிலிருந்து எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டோம். ஐம்பத்து நாலு வருடமாக இதை நான் எங்கும் எழுதியதில்லை.

பதில் 3: சிற்றலை நேயர், காரைக்குடி

ஐயா சொன்னதற்கு நன்றி. ஒரு வருத்தம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாலு பேர் கொலையையும் ஒன்பது மாதக் கொலையையும் ஒரே தராசில் வைத்தது போல ஆகிவிடக் கூடாது. வங்கதேசம் 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது. போருக்குப் பிறகு பாகிஸ்தான் அமைத்த ஹமூதுர் ரஹ்மான் விசாரணை ஆணையம் 26,000 என்கிறது. நடுவில் சொல்பவர்களும் லட்சக்கணக்கில்தான் சொல்கிறார்கள். சகோதரியின் அப்பாவும் இந்த ஒன்பது மாதத்தைத்தான் பக்கம் பக்கமாக எழுதினார்.

பதில் 4: ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர், மதுரை

தராசில் வைக்கவில்லை தம்பி. எடை தெரியும். அம்மா கேட்டது அந்த ஒரு நாளைப் பற்றி, அதனால் சொன்னேன். ஒன்பது மாதம் எழுதியவருக்கு அந்த மூன்று வரியையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இருக்க முடிந்தது.

பதில் 5: டாக்காவில் திருப்பூர்க்காரன்

டீச்சர், நானுங்க இங்க பையிங் ஹவுஸ்ல மெர்ச்சண்டைசர், ஒன்பது வருசமாச்சு. பெரியவர் சொன்னதோட நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேனுங்க.

ஈஷ்வர்தி ஏற்றுமதி மண்டலத்துல எங்களுக்கு ஒரு ஃபேக்டரி இருக்கு. பத்மா ஆத்துப் பாலம் பக்கத்துல. அங்கங்க ரூப்பூர்ல ஒரு சந்தைக்குப் பேரே பி.பி.சி. பஜார். நான் மொதல்ல டிவி கடை ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன். கூட வந்த குவாலிட்டி பையன்தான் சொன்னான். 71ல அங்க ஒரு டீக்கடைக்காரர்கிட்ட ரேடியோ இருந்திருக்கு. சாயங்காலமானா சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் டீ குடிக்கற சாக்குல வந்து பி.பி.சி. வங்காளச் செய்தி கேப்பாங்களாம். 'பி.பி.சி. கேட்டுட்டு வர்றேன்'னு சொல்லிச் சொல்லியே அந்த எடத்துக்குப் பேர் ஆயிருச்சு. ராணுவம் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கடைக்காரரை அடிச்சிருக்காங்க. உங்கப்பா புதுக்கோட்டையில கேட்டுட்டிருந்த அதே நேரத்துல அவங்களும் கேட்டுட்டிருந்திருப்பாங்க. அங்க இருந்து எடுத்த செய்தி லண்டன் போயி, திரும்ப அவங்க ஊருக்கே ரேடியோவுல வந்துச்சு.

அந்தச் செய்தியை லண்டனுக்குக் கொடுத்தவங்க கதை தெரியுமுங்களா? பி.பி.சி.க்கு டாக்காவுல செய்தி அனுப்பினவர் நிஜாமுதீன் அகமது. உள்ளூர்க்காரர். வெளிநாட்டுக்காரங்களைப் பிடிச்சா பிளேன்ல ஏத்திவிட்டாங்க. இவருக்குப் போக எடமில்லையே. டிசம்பர் 12ஆம் தேதி வீட்டுல வந்து கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்லை. இத்தெஃபாக் பத்திரிகை சிராஜுதீன் ஹொசைன், சங்பாத் பத்திரிகை ஷஹிதுல்லா கைசர், இப்படி வரிசையாக் கூட்டிட்டுப் போனாங்க. சரணடையறதுக்கு ரெண்டு நாள், நாலு நாள், ஆறு நாள் முன்னாடி. தோத்துட்டோம்னு தெரிஞ்சப்புறமும் போய் எழுதறவங்களையும் வாத்தியாருங்களையும் டாக்டருங்களையும் தேடிப் பிடிச்சிருக்காங்க. அல் பதர்னு பாகிஸ்தான் ராணுவத்தோட ஒரு துணைப்படை.

ராயர் பஜார்ல செங்கல் சூளைப் பள்ளம். இப்ப அங்க நினைவிடம் கட்டியிருக்காங்க, பெரிய செங்கல் சுவர், நடுவுல சன்னல் மாதிரி ஓட்டை. டிசம்பர் 14ஆம் தேதி விடியக்காலையில எங்க ஃபேக்டரி ஆளுங்களோட ஒருக்கா போயிருந்தேன். 'ஷிலாலிபி'ங்கற பத்திரிகையை நடத்தின செலினா பர்வீன்னு ஒரு அம்மா. சின்னப் பையன் ஒருத்தன் அவங்களுக்கு. 13ஆம் தேதி கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பள்ளத்துல அவங்க உடம்பைக் காலுல போட்டிருந்த வெள்ளைக் காலுறையை வெச்சு அடையாளம் கண்டுபிடிச்சாங்கன்னு கூட வந்த பெரியம்மா சொல்லுச்சு. கண்டுபிடிச்சது டிசம்பர் 18ஆம் தேதி. பெரியவர் சொன்னாருங்களே, மைதானத்துல நாலு பேரு. அதே நாளுங்க டீச்சர். ஊரு ஒரு பக்கம் பள்ளத்துல பொணத்தைப் பொரட்டிட்டிருக்கு, இன்னொரு பக்கம் மைதானத்துல அது. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியலீங்க. ஒருத்தரைக் கேட்டா ஒண்ணைச் சொல்றாங்க, ரெண்டையும் சேத்துச் சொல்றவங்க இங்கயும் கம்மிதான்.

பதில் 6: புதுக்கோட்டை ஆசிரியை

ஐயா, காரைக்குடி அண்ணன், டாக்காவில் இருக்கும் தம்பி, மூவருக்கும் கை கூப்புகிறேன். மதுரை ஐயா கேட்டதற்காக நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நிலைய எழுத்து இருக்கிறது. டிசம்பர் 21க்கு மட்டும் இல்லை.

நிஜாமுதீன் அகமது என்ற பெயரையும் தேடினேன். இல்லை. 'பி' என்ற எழுத்து நூற்றுக்கும் மேல் வருகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மாவுக்கு நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 78 ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். மைதானத்து விஷயத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை. பாத்திரம் ஒழித்துப் போடும்போது சொன்னார்:

"அந்த மார்கழியில ஒரு நாள் ராத்திரி ரேடியோவை அணைச்சிட்டு, உறையைப் போட்டு மூடி வெச்சாரு. பொங்கல் வரைக்கும் எடுக்கவே இல்ல. வால்வு போயிருச்சுன்னு நெனச்சேன் நான். கடைக்குக் கொண்டுபோயிக் காட்டுங்களேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பாக்கலாம், பாக்கலாம்னாரு."